தலைவலி மாத்திரைக்குள் ஒரு டீ

சித்தூரிலிருந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கோ திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனைக்கோ போகிறவர்கள் விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிடுவார்கள். கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ, இறங்கியதும் இன்னொன்று, வெயிலிலும் கூட்டத்திலும் தலை கனத்தால் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை. பிறகு பிரஷர் பார்த்தால் அளவு எகிறி நிற்கிறது. ‘நான் காபியைத் தொடுவதே இல்லையே’ என்பார்கள். அது பொய்யல்ல. ஆனால் காபியைத் தொடாதவர் ரத்தத்திலும் காஃபீன் ஓடும்.

ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீன் உண்டு. ஒரு வேளை டீயில் 30 முதல் 65. நாளொன்றுக்கு 300ஐத் தாண்டக் கூடாது என்கிறது அது. (சிக்கரியில் காஃபீன் கிடையாது என்பதால், கசப்பை வைத்து அளவைச் சொல்ல முடியாது.) கணக்கில் வராமல் போவது மற்றவைதான். சாரிடான் மாத்திரை ஒன்றில் 50 மில்லிகிராம், அதாவது ஒரு டீ. 250 மில்லி எனர்ஜி டிரிங்கில் சுமார் 75. கோலாவிலும் சாக்லேட்டிலும் கொஞ்சம் கொஞ்சம். ஜலதோஷ மாத்திரைகள் சிலவற்றில் காஃபீனோடு ரத்தக்குழாயைச் சுருக்கும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்தே இருக்கிறது. அட்டையில் இதெல்லாம் அச்சாகியிருக்கும்தான். ஆனால் கடைக்காரர் கத்தரிக்கோலால் இரண்டு மாத்திரையை வெட்டித் தரும்போது நம் கைக்கு வருவது பாதிப் பெயர். சேர்மானம் எழுதிய துண்டு கடையிலேயே தங்கிவிடுகிறது.

ரத்தக்குழாய்களைத் தளர்த்திவைக்கும் அடினோசின் என்ற பொருளின் வேலையைக் காஃபீன் தடுக்கிறது. குழாய் இறுகினால் அழுத்தம் ஏறும். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் நடந்த சோதனைகளை 2011இல் தொகுத்துப் பார்த்தபோது, 200 முதல் 300 மில்லிகிராம் காஃபீன் அழுத்தத்தின் மேல் அளவைச் சராசரியாக 8 புள்ளியும் கீழ் அளவை 6 புள்ளியும் ஏற்றியது. அந்த ஏற்றம் மூன்று மணி நேரமாவது நின்றது. உடலில் சேர்ந்த காஃபீனில் பாதி கரையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. காலை டீ போவதற்குள் மாத்திரை வந்து சேர்ந்துவிடுகிறது.

‘தினமும் குடித்துப் பழகிய உடம்பை இது என்ன செய்யும்?’ என்று கேட்பது நியாயமான கேள்வி. பழக்கம் இந்த ஏற்றத்தைக் குறைக்கவே செய்யும். காபி குடிப்பதால் நாளடைவில் அழுத்தம் கூடுகிறது என்பதற்கும் அந்தத் தொகுப்பில் சான்று கிடைக்கவில்லை. ஆகவே டீ குடித்தால் பிரஷர் நோய் வரும் என்று நான் சொல்ல வரவில்லை. நம் சாப்பாட்டு இலைகளில் பெரிய குற்றவாளி உப்பும் ஊறுகாயும்தான். நான் சொல்வது, ஒளிந்திருக்கும் காஃபீன் பிரஷர் அளவையே பொய்யாக்குகிறது என்பது. 134 உள்ளவர் 142 என்று எழுதப்பட்டால் 140 என்ற கோட்டைத் தாண்டிவிடுகிறார். மருந்து தொடங்குவதும் கூட்டுவதும் அந்த எண்ணைப் பார்த்துத்தான். அழுத்தம் ஏற்கெனவே 160/100 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கு விஷயம் இன்னும் கடுமையானது. 2022இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வில், அவர்களில் தினம் இரண்டு கப்போ அதற்கு மேலோ காபி குடித்தவர்கள் இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறப்பது ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. காஃபீன் உள்ள கிரீன் டீயைக் குடித்தவர்களிடம் அப்படித் தெரியவில்லை. எனவே காஃபீன் மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இதில் ஏமாற்றும் சுழல் ஒன்றும் உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமை விரதத்துக்காக டீயை நிறுத்துகிறவருக்கு மாலைக்குள் தலை வலிக்கலாம். அது காஃபீன் கிடைக்காத வலி. காஃபீன் உள்ள மாத்திரையைப் போட்டதும் வலி விட்டுவிடும்; மாத்திரைக்கு நல்ல பெயர் கிடைக்கும். விட நினைப்பவர்கள் தினம் அரை டம்ளராகக் குறைத்து வந்தால் இந்த வலியைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

பிரஷர் பார்ப்பதற்கு முன் அரை மணி நேரமாவது டீ, காபி கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் விதி. அந்தக் காலையில் போட்ட மாத்திரையின் பெயரையும் நர்ஸிடம் சொல்ல வேண்டும். வீட்டில் கருவி இருந்தால், டீக்கு முன்பு ஒரு முறையும் குடித்து ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறையும் பார்க்கலாம். சில நாள் பார்த்தும் ஒவ்வொரு முறையும் ஐந்து, பத்து புள்ளி ஏறுகிறதென்றால், அந்த உடம்புக்குக் காஃபீன் ஒத்துவரவில்லை.