மோட்டலில் இயங்கிய பல்கலைக்கழகம்

ஒரு டிகிரி வாங்க என்ன ஆகும்? நம்மைக் கேட்டால் எட்டு செமஸ்டர், லேப் ரெக்கார்டு, அரியர், 75 சதவீத அட்டெண்டன்ஸ் என்று பெரிய கணக்கு வரும். அமெரிக்க அரசில் வேலை பார்த்த சில நூறு பேருக்கு இது ரொம்பச் சின்ன கணக்கா இருந்திருக்கு.

லாரா கலஹான் என்பவரில் இருந்து ஆரம்பிக்கலாம். 2003-ல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கம்ப்யூட்டர் நிர்வாகத்தில் மேல்மட்ட அதிகாரி. கம்ப்யூட்டர் படிப்பில் பிஎச்.டி. என்பதால் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' உண்டு. அந்தப் பட்டத்தைக் கொடுத்தது வயோமிங் மாநிலம் எவன்ஸ்டன் ஊரில் இருந்த ஹாமில்டன் பல்கலைக்கழகம். பத்திரிகைக்காரர்கள் தேடிப் போனப்போ அது ஒரு பழைய மோட்டல் கட்டடம். கிளாஸ் ரூம் கிடையாது, வகுப்பும் கிடையாது. நியூயார்க் மாநிலத்தில் ஹாமில்டன் காலேஜ் என்று 200 வருஷப் பழமையான நல்ல கல்லூரி ஒன்று இருக்கு. பயோடேட்டாவைப் படிக்கிறவர் அதுதான் இது என்று நினைத்துக்கொள்வார். பெயர் வைத்ததன் சூட்சுமமே அதுதான். இன்னொரு விஷயம் கேளுங்க: அங்கே பட்டம் வாங்க ஒழுக்கநெறி பற்றிய ஒரு பாடத்தைக் கட்டாயம் முடிக்கணுமாம்!

கலஹான் முதலில் விடுப்பில் அனுப்பப்பட்டார். 2004 மார்ச்சில் ராஜினாமா செய்தார்.

இது ஒருத்தர் கதையோடு முடியவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகக் கணக்குத் தணிக்கை செய்யும் ஜி.ஏ.ஓ. அலுவலகம் இதைத் தோண்டி, 2004 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அங்கீகாரம் இல்லாத மூன்றே மூன்று பள்ளிகளின் பதிவுகளைப் பார்த்ததிலேயே 463 மத்திய அரசு ஊழியர்கள் சிக்கினார்கள். அதில் 257 பேர் பாதுகாப்புத் துறை. தனியாக எட்டு துறைகளில் தேடியதில் 28 உயர் அதிகாரிகள். அவர்களில் சிலர் அணு ஆயுதப் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைப்பில் இருந்தவர்கள். இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது.

காசும் சில நேரம் அரசாங்கத்தோடது. ஊழியர் மேல்படிப்புக்கு அரசு ஃபீஸ் கட்டும் திட்டம் அங்கே உண்டு. ஆனால் அங்கீகாரம் இல்லாத பள்ளி என்றால் தனித்தனிப் பாடத்துக்குத்தான் பணம், முழுப் பட்டத்துக்குக் கிடையாது. இந்தக் கம்பெனிகளோ ஒரு பட்டத்துக்கு இவ்வளவு என்று மொத்த விலை வைத்திருந்தன. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்: அதே தொகையைப் பாடம் பாடமாகப் பிரித்து பில் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு பள்ளிகளுக்கு மட்டும் இப்படி ஒன்றரை லட்சம் டாலர் போயிருக்கு.

சரி, படிப்பே இல்லையா என்று கேட்டால், கொஞ்சம் இருந்தது. கடலோரக் காவல்படை அதிகாரி ஒருவர் விசாரணைக்காகக் கென்னடி-வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மாணவர் மாதிரி சேர்ந்தார். வேலை அனுபவம் என்று அவர் சொன்னதற்கே கிரெடிட் கிடைத்தது. பரீட்சை புத்தகம் பார்த்து எழுதுவது. 16 மணி நேரம் படித்ததில் மாஸ்டர்ஸ் டிகிரியின் 40 சதவீதம் முடிந்துவிட்டது. நமக்கு ஒரு யூனிட் முடிக்கவே அதைவிட அதிக நேரம் ஆகும்.

"மேலதிகாரிங்க செக் பண்ண மாட்டாங்களா?" என்று தோணும். செக் பண்ணுவதற்கும் ஏற்பாடு இருந்தது. செனட்டர் சூசன் காலின்ஸ் பெயரில் 2002-ல் ஜி.ஏ.ஓ. புலனாய்வாளர்கள் இணையத்தில் இரண்டு பட்டங்கள் வாங்கினார்கள். ஒன்று உயிரியலில் இளநிலை, மற்றொன்று மருத்துவத் தொழில்நுட்பத்தில் முதுநிலை. சுமார் 1,500 டாலர். கூடவே ஒரு போன் நம்பரும் வந்தது. வேலை கொடுப்பவர் அதற்குக் கூப்பிட்டால், "ஆமாம், இங்கேதான் படித்தார்" என்று சொல்ல ஆள் இருக்கும். ஹாமில்டன் இன்னும் ஒரு படி மேலே போய், தனக்கு அங்கீகாரம் கொடுக்கத் தானே ஒரு கவுன்சிலை உருவாக்கி வைத்திருந்தது. நம்ம ஊர் கணக்கில் சொன்னால், போலிக் கல்லூரியோடு சேர்த்து ஒரு போலி நாக்.

ஆனால் எல்லாரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. சான்றிதழைத் திருத்துவதும், கள்ளக் கையெழுத்துப் போடுவதும் நேரடி மோசடி. இவர்களில் பலர் அப்படிச் செய்யவில்லை. நிஜமாகவே பணம் கட்டி, நிஜமாகவே அச்சடித்த பட்டம் வாங்கினார்கள். கொடுத்த இடம்தான் பேருக்குப் பல்கலைக்கழகம். அதனால் "நானும் ஏமாந்துட்டேன்" என்று சொல்ல இடம் கிடைத்தது. 16 மணி நேரத்தில் பாதி மாஸ்டர்ஸ் முடியும்போது ஏமாறுகிறோம் என்று ஒருத்தருக்குத் தெரியாதா? நான் நம்பவில்லை.

பதவி உயர்வுக் கதை இன்னும் வெளிப்படையாக இருப்பது நியூயார்க் தீயணைப்புத் துறையில். அங்கே மேல்பதவிக்குப் போக கல்லூரி கிரெடிட் வேண்டும். 14 ஊழியர்கள் செயின்ட் ரெஜிஸ் பல்கலைக்கழகம் என்ற பட்டக் கடையில் வாங்கியதைக் கொடுத்து மாட்டினார்கள், அபராதம் கட்டினார்கள். ஷிஃப்ட் முடித்துவிட்டு ராத்திரி கல்லூரிக்குப் போய், வருஷக்கணக்கில் கிரெடிட் சேர்த்த சக ஊழியரும் அதே பதவிக்குத்தானே காத்திருந்திருப்பார்? இந்த மாதிரி குற்றத்தில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று சொல்கிறவர்கள் அவரைக் கணக்கில் எடுப்பதில்லை.

செயின்ட் ரெஜிஸை நடத்திய டிக்ஸி ராண்டாக் என்பவருக்கு 2008-ல் மூன்று வருஷம் சிறை கிடைத்தது. லைபீரியா நாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்து அங்கீகாரம் வாங்கியிருந்தார்கள். அதே 2008-ல் வந்த உயர்கல்விச் சட்டத்தில்தான் 'பட்ட ஆலை' என்றால் என்ன என்று அமெரிக்க மத்திய அரசு முதல்முறையாக வரையறை எழுதியது. அதுவரை சட்டத்தில் அந்தச் சரக்குக்குப் பெயரே இல்லை.

இந்தியாவில் 1956-ம் வருஷத்து யு.ஜி.சி. சட்டமே யார் பட்டம் கொடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் யு.ஜி.சி. வெளியிடுகிறது. ஃபைனல் இயர் முடித்து 'வேலை பார்த்துக்கிட்டே ஆறு மாசத்துல எம்.பி.ஏ.' என்று விளம்பரம் வந்தால், முதலில் அந்தப் பட்டியலைப் பாருங்க. பட்டியலில் இல்லை என்பதற்காக விட்டுடாதீங்க; அங்கீகாரம் கொடுத்ததாகச் சொல்லும் அமைப்பு எது, அதை யார் ஆரம்பித்தது என்று தேடுங்க. விளம்பரத்தில் இருக்கும் நம்பருக்கு மட்டும் போன் போட்டுக் கேட்காதீங்க. எடுக்கிறவர் நிச்சயம் "ஆமாம் சார், அங்கீகாரம் இருக்கு" என்றுதான் சொல்வார்.