டயர் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கா? சக்கரத்துக்குப் பின்னாடி ஒரு தடவை பாருங்க

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். என் சித்தப்பா மகன் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் முன்பக்க இடது சக்கரத்தில் இருந்து 'டக் டக்' என்று சத்தம். ஓரங்கட்டி, ஸ்பானர் போட்டு நட்டுகளைச் சோதித்தோம். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. "கல்லு ஏதாச்சும் சிக்கியிருக்கும், போலாம்" என்றான். எனக்கு மனசு வரவில்லை. அடிவாரத்தில் இருந்து மெக்கானிக்கை வரச் சொன்னோம்.

அவர் சக்கரத்தைக் கழற்றியதும்தான் விஷயம் தெரிந்தது. உள்ளே கட்டைவிரல் தடிமனில் ஓர் அலுமினியத் தட்டு. அதைப் பிடித்திருந்த நட்டுகளில் இரண்டு, விரலால் திருப்பினாலே சுழன்றன. அப்படி ஒரு பொருள் வண்டியில் இருப்பதே அவனுக்குத் தெரியாது. பழைய உரிமையாளர் மாட்டியது.

அந்தத் தட்டின் பெயர் வீல் ஸ்பேசர். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைப்பது. சக்கரத்தை வெளிப்பக்கம் தள்ளும். இரு பக்கமும் 30 மி.மீ. ஸ்பேசர் போட்டால் இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 60 மி.மீ. கூடும். தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற வண்டிகளில் அகல டயர் போடும்போது, அது உள்ளே சஸ்பென்ஷனில் உரசாமல் இருக்க இதை மாட்டுகிறார்கள். 'கெத்தா' தெரியும் என்பதற்காக மாட்டுபவர்களும் நிறைய.

இதில் என்ன ஆபத்து? நட்டு போட்டு இறுக்கும் வகை ஸ்பேசரில் இரண்டு வரிசை நட்டுகள் உண்டு. உள் வரிசை ஸ்பேசரை ஹப்போடு பிடிக்கிறது. வெளி வரிசை சக்கரத்தை ஸ்பேசரோடு பிடிக்கிறது. பஞ்சர் கடையிலோ சர்வீஸிலோ இறுக்கிப் பார்ப்பது வெளி வரிசையை மட்டும்தான். உள் நட்டு தளர்ந்தால் சக்கரத்தைக் கழற்றாமல் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு நடந்ததும் இதுதான்.

சும்மா செருகி வைக்கும் மெல்லிய தட்டு வகையும் இருக்கிறது. அதில் வேறு சிக்கல். தட்டின் தடிமன் அளவுக்கு ஸ்டட் உள்ளே போய்விடும், நட்டு பிடிக்க மரை குறையும். ஸ்டட் எத்தனை மி.மீ. தடிமனோ குறைந்தது அத்தனை மி.மீ. மரையாவது நட்டுக்குள் போக வேண்டும். 12 மி.மீ. ஸ்டட்டில் மரை இடைவெளி 1.5 மி.மீ. என்றால் கையால் முழுசாக 8 சுற்று, 1.25 என்றால் ஏறக்குறைய 10 சுற்று. நாலு சுற்றிலேயே நின்றால் அந்த வண்டியை எடுக்காதீங்க.

இது தவிர, சக்கரம் வெளியே போகப் போக வீல் பேரிங் மீது பாரம் கூடும், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங் கையை இழுக்கும். டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டினால் சேறும் கல்லும் பின்னால் வரும் பைக்காரர் மேல்தான் தெறிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவின்படி, மாற்றம் ஒன்றுக்கு ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "எல்லாரும் போடுறாங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று கடைக்காரர் சொன்னால், காசு கொடுப்பதற்கு முன்பே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கோங்க. காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாத மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது தகராறு ஆகும்.

பழைய ஜீப் வாங்கப் போறீங்களா? எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு, காப்பீடு விவரம் வரும். ஸ்பேசர் இருப்பது அதில் வராது. அதற்கு உங்கள் போன் கேமராதான் வழி. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, டார்ச்சை ஆன் செய்து போனைச் சக்கரத்தின் பின்பக்கம் நீட்டி வீடியோ எடுங்க. பிரேக் டிஸ்க் அல்லது டிரம்முக்கும் ரிம்முக்கும் நடுவில் தனியாக ஒரு தட்டு தெரிந்தால் அதுதான். சந்தேகம் இருந்தால் சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்க. மறுத்தால், படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போடும் அவசரம் வேண்டாம்.

ஸ்பேசரைக் கழற்றினால் மட்டும் வேலை முடியாது. அகல டயர் இருந்தால் அது உள்ளே உரச ஆரம்பிக்கும், எனவே ரிம்மும் டயரும் கம்பெனி அளவுக்குத் திரும்ப வேண்டும். ஸ்பேசர் பொருந்துவதற்காகச் சிலர் ஹப் ஸ்டட்டின் நுனியையே அறுத்திருப்பார்கள். அப்படியானால் ஸ்டட்டுகளையும் மாற்றியாக வேண்டும். பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று கையோடு பார்த்துடுங்க, வீல் அலைன்மென்ட்டும் செய்துடுங்க.

பொதுச் சாலை அல்லாத தனியார் ஆஃப்-ரோடு களத்தில் மட்டும் பயன்படுத்துபவர்கள், அங்கே போய் மாட்டி, திரும்பும் முன் கழற்றிவிடுவது நல்லது. ஹப்பின் நடு விட்டத்தில் சரியாக உட்காரும், நட்டு போடும் வகையையே வாங்குங்க. ஹப்பில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்யுங்க. மரையில் கிரீஸ் தடவாதீங்க. ஏர் கன்னால் அடித்து இறுக்காமல், டார்க் ரென்ச்சில் குறுக்கும் நெடுக்குமாக, உள் நட்டுக்கு ஸ்பேசர் தயாரிப்பாளர் சொன்ன அளவிலும் வெளி நட்டுக்கு வண்டி கையேட்டில் உள்ள அளவிலும் இறுக்குங்க. கொஞ்ச தூரம் ஓட்டியபின் சக்கரத்தைக் கழற்றி உள் நட்டுகளை மறுபடி சோதிங்க. இந்த இடத்தில்தான் பெரும்பாலும் சோம்பல் வருகிறது. ஒரு ஸ்பேசர் மேல் இன்னொன்றை அடுக்கவே கூடாது.

ஓடும்போது சத்தமோ ஸ்டியரிங்கில் நடுக்கமோ வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரம் நிறுத்துங்க. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, யாருக்காவது அடிபட்டிருந்தால் 108.