நின்றால்தான் காயம் ஆறும்!

உங்கள் வீட்டில் பத்து, பன்னிரண்டு வயதில் பிள்ளை இருக்கிறானா? கொஞ்ச நாளாக 'ஹாலோ நைட்', 'ஹாலோ நைட்' என்று ஒரே பேச்சாக இருக்கிறதா?

எட்டிப் பார்த்தால் ஸ்கிரீன் முழுக்க இருட்டு. வெள்ளை முகமும் இரண்டு கொம்பும் வைத்த குட்டிப் பூச்சி ஒன்று ஓடுகிறது, குதிக்கிறது, வெட்டுகிறது, செத்து விழுகிறது. மறுபடி எழுந்து வந்து அதே இடத்தில் சாகிறது! "இதிலே அப்படி என்னடா இருக்கு?" என்று கேட்டால் பதில் வராது. "ஆஃப் பண்ணு" என்று சொன்னால் மட்டும், "அஞ்சே நிமிஷம்மா... பெஞ்ச் வந்துடட்டும்!" என்று குரல் வரும்.

அது என்ன பெஞ்ச்? இதைத் தெரிந்துகொண்டாலே வீட்டில் நடக்கும் ராத்திரிச் சண்டை பெருமளவு குறைந்துவிடும்.

இது என்ன விளையாட்டு?

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 'டீம் செர்ரி' என்ற சின்னஞ்சிறு குழு உருவாக்கிய கேம் இது. 2014-ல் பொதுமக்களிடமே நன்கொடை மாதிரி 57,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் திரட்டி, 2017 பிப்ரவரியில் கம்ப்யூட்டருக்கு வெளியிட்டார்கள். அடுத்த வருஷம் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் வந்தது. இதன் அடுத்த பாகமான 'ஸில்க்ஸாங்' 2025 செப்டம்பரில் வெளியானது.

படங்கள் எல்லாம் கையால் வரைந்தவை. கார்ட்டூன் படத்துக்கு வரைவது போல, அசைவுக்கு அசைவு தனித்தனியாக வரைந்திருக்கிறார்கள். கதை நடப்பது பூமிக்கடியில், பாழடைந்து போன ஒரு பூச்சி ராஜ்ஜியத்தில். அங்கே ஒரு நோய் பரவி, பூச்சிகளின் புத்தியைப் பேதலிக்க வைத்திருக்கிறது. ஓயாமல் மழை பெய்யும் நகரம், பாசி படர்ந்த காடு, சிலந்திகள் நிறைந்த பாதாளம் என்று ஒவ்வொரு இடமாகத் தேடிப் போக வேண்டும். நம் குட்டி வீரனின் கையில் இருக்கும் வாளுக்குப் பெயர் 'ஆணி'!

ஒரு ஆறுதல். இதில் முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வசதி கிடையாது. ஆட்டத்துக்கு நடுவே காசு கட்டு என்று கேட்பதும் கிடையாது. கதைக்கு ஒரு முடிவும் உண்டு. அமெரிக்கத் தரச் சான்றில் 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று போட்டிருக்கிறார்கள். ஆனாலும் இருட்டைக் கண்டு பயப்படும் பிள்ளை, பூச்சி என்றாலே அலறும் பிள்ளை என்றால், பத்து வயதானாலும் கொஞ்சம் பொறுப்பதே நல்லது.

பெஞ்ச் ரகசியம்

இந்த ராஜ்ஜியத்தில் அங்கங்கே பெஞ்சுகள் போட்டிருக்கும். வீரன் அதில் உட்கார்ந்தால் பட்ட காயமெல்லாம் ஆறிவிடும். நடந்து வந்த வழி வரைபடத்தில் ஏறும். செத்துப் போனாலும் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சிலிருந்துதான் மறுபடி எழுந்து வருவான்.

கேமை முறையாக மூடினால் அதுவரை சேர்த்தது பத்திரமாக இருக்கும். ஆனால் மறுநாள் திறக்கும்போது பழைய பெஞ்சில்தான் இருப்பான். முக்கால் மணி நேரம் தட்டுத் தடுமாறிப் போன வழியை மறுபடி நடக்க வேண்டும். பிள்ளை "அஞ்சு நிமிஷம்" என்று கெஞ்சுவது எப்போதும் சாக்கு அல்ல, புரிகிறதா? அதற்காக அந்த ஐந்து நிமிஷம் ஒரு மணி நேரமாகவும் விடக்கூடாது!

இன்னொரு விதி இதைவிட அழகு. சண்டையில் அடிபட்டால், வீரன் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளலாம். ஆனால் ஓடிக்கொண்டே முடியாது. ஒரு நொடி அசையாமல் நிற்க வேண்டும். எதிரி பாய்ந்து வரும்போது பதறி நின்றால் அடிதான் கிடைக்கும். அவன் ஓய்கிற தருணம் பார்த்து நின்றால்தான் காயம் ஆறும். அவசரப்படுகிறவனுக்கு இந்த ஆட்டத்தில் இடமே இல்லை.

கோபம் எங்கிருந்து வருகிறது?

இது கஷ்டமான ஆட்டம். ஒரே எதிரியிடம் இருபது, முப்பது தடவை தோற்பது சர்வ சாதாரணம். செத்தால் கையிலிருந்த காசெல்லாம் செத்த இடத்திலேயே தன் நிழலிடம் தங்கிவிடும். திரும்பிப் போய் அந்த நிழலை ஜெயித்தால் கிடைக்கும். போகிற வழியில் இன்னொரு தடவை செத்தால்? அவ்வளவுதான், போயே போச்சு!

இந்த நேரத்தில்தான் பிள்ளைக்கு முகம் சிவக்கும், கை வியர்க்கும், தம்பி மேல் எரிந்து விழுவான். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். அதே படபடப்போடு படுக்கைக்குப் போனால் தூக்கம் எப்படி வரும்? புரண்டு புரண்டு படுப்பான். காலையில் எழுப்பினால் எழமாட்டான். அதனால் நாம் கவலைப்பட வேண்டியது ஸ்கிரீனில் சாகும் பூச்சியைப் பற்றி அல்ல, தூங்காத பிள்ளையைப் பற்றித்தான்.

வீட்டுக்கு நாலு விதிகள்

* மணிக் கணக்கோடு பெஞ்ச் கணக்கும் வையுங்கள். எட்டரைக்கு நிறுத்த வேண்டும் என்றால், எட்டேகாலுக்கே "அடுத்த பெஞ்சோட முடிச்சுக்கோ கண்ணா" என்று சொல்லிவிடுங்கள். பெஞ்ச் வந்தாலும் வராவிட்டாலும் எட்டரைக்கு மூடிவிட வேண்டும். இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

* ஒரே எதிரியிடம் தொடர்ந்து ஐந்து முறை தோற்றால், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். இந்தக் கேமில் பெரும்பாலும் வேறு வழிகளும் திறந்திருக்கும். அந்தப் பக்கம் சுற்றிவிட்டு, பலம் சேர்த்துக்கொண்டு வரலாம். நேற்று முடியாதது இன்று சுலபமாக முடிவதும் உண்டு. கை பழகிய வேலையைத் தூக்கத்தில்தான் மூளை நன்றாகப் பதிய வைத்துக்கொள்கிறது.

* படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆட்டம் முடிந்திருக்கட்டும்.

* இருட்டான கேம் என்பதற்காக அறை விளக்கை அணைத்துவிட்டு ஆடக்கூடாது. கண் சீக்கிரம் களைத்துப் போகும். ஸ்கிரீனையே உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பதும் குறைகிறது. அதனால்தான் எரிச்சல், நீர் வடிதல் எல்லாம். 20 நிமிஷத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் இருக்கும் எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் தினமும் வெளியே விளையாடுவது, கிட்டப்பார்வை வராமல் தடுக்க உதவும்.

கண்ட்ரோலரை விடாமல் அழுத்துவதால் கட்டை விரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் வலி வரலாம். வலித்தால் சில நாள் ஆட்டத்துக்கு லீவு. குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். வலிப்பு நோய் உள்ள பிள்ளைகளுக்கு, பளிச் பளிச்சென்று ஒளி மின்னும் எந்த கேமையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

எப்போது பயப்பட வேண்டும்?

ஆசையாக ஆடுகிற பிள்ளை எல்லாம் அடிமையாகிவிட்டது என்று அர்த்தமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'கேமிங் டிஸார்டர்' சேர்ந்து, 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறார்கள். ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது. சாப்பாடு, படிப்பு, நண்பர்கள் எல்லாவற்றையும் விட ஆட்டமே முக்கியமாகிப் போவது. கெடுதல் நடக்கிறது என்று தெரிந்தும் நிறுத்தாமல் தொடர்வது. பொதுவாக, இந்த நிலை ஒரு வருஷமாவது நீடித்து, அன்றாட வாழ்க்கையே குலைந்தால்தான் நோய் என்று டாக்டர்கள் முடிவு செய்வார்கள். ஆனால் உதவி கேட்க ஒரு வருஷம் காத்திருக்கத் தேவையில்லை. பள்ளிக்குப் போக மறுத்தாலோ, ராத்திரி தூங்காமல் ஒளிந்து ஆடினாலோ உடனே மனநல டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற மத்திய அரசின் இலவச 'டெலி மானஸ்' எண்ணிலும் பேசலாம்.

அந்த அளவுக்குப் போகாத பிள்ளை என்றால், இன்றைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். கால் மணி நேரம் அவன் பக்கத்தில் உட்காருங்கள். "இப்ப எந்த ஊர்ல இருக்கே? அடுத்த பெஞ்ச் எவ்வளவு தூரம்?" என்று கேளுங்கள். அம்மா கேட்கிறாளே என்று ஆச்சரியமாகப் பார்ப்பான். அப்புறம் வாய் ஓயாமல் சொல்ல ஆரம்பித்துவிடுவான். அப்படிப் பேசிப் பழகிய பிள்ளையிடம் "போதும்டா" என்று சொல்வது, கதவுக்கு வெளியே நின்று கத்துவதைவிட ரொம்பச் சுலபம்.