வாடிய பயிரும் கருகிய பயிரும்

"ஊசி மருந்து இருக்குன்னு சொல்றாங்க, ஆனா நேரம் தாண்டிடுச்சு, போட முடியாதுங்கறாங்க. மருந்துக்கு என்ன தம்பி நேரம்?"

டீ கிளாஸைக் கையில் பிடித்தபடியே பெரியவர் கேட்டார். போன வாரம் இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவருடைய மைத்துனரின் வலக்கையிலிருந்து செம்பு நழுவி விழுந்திருக்கிறது. பேச்சும் குழறியிருக்கிறது. அசதியாக இருக்கும், படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் படுக்க வைத்துவிட்டார்கள். விடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு பக்கம் முழுக்க அசைவில்லை, பக்கவாதம்.

பெரியவர் திருவாரூர்ப் பக்கம் நாற்பது வருடம் விவசாயம் பார்த்தவர். அதனால் வாய்க்காலிலிருந்தே ஆரம்பித்தேன்.

வாய்க்கால் அடைத்துக்கொண்டால் கடைமடைப் பயிர் அன்றைக்கே கருகிவிடுவதில்லை. முதலில் வாடும். பக்கத்து வயலிலிருந்து கசிகிற ஈரத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்குள் அடைப்பை எடுத்துவிட்டால் நிமிர்ந்துவிடும். மூளையிலும் அப்படித்தான். ரத்தக்கட்டி ஒரு குழாயை அடைத்ததும், ரத்தம் அறவே நின்ற பகுதி சில நிமிடங்களில் செத்துப்போகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதியோ பக்கத்துக் குழாய்களிலிருந்து வரும் கொஞ்ச ரத்தத்தில் உயிரோடு இருக்கிறது, ஆனால் வேலை செய்வதில்லை. கை விழுந்துவிட்டது என்று நாம் பார்க்கிறோமே, அதில் கருகியது கொஞ்சம், வாடி நிற்பது மிச்சம்.

இதை லண்டனில் லிண்ட்சே சைமன், யென்ஸ் ஆஸ்ட்ரப் முதலியோர் 1970களில் பபூன் குரங்குகளிடம் அளந்து காட்டினார்கள். ரத்த ஓட்டம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மூளை செல்களின் மின்துடிப்பு அடங்கிவிடுகிறது. ஆனால் செல் சிதைய ஆரம்பிப்பது ஓட்டம் அதைவிடவும் இறங்கிய பிறகுதான். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தப் பகுதிக்கு, கிரகணத்தில் முழு இருட்டைச் சுற்றி விழும் புறநிழலின் பெயரையே வைத்தார்கள். அடைப்பை நீக்கும் இன்றைய சிகிச்சை அத்தனையும் அந்தப் புறநிழலை மீட்பதற்காகத்தான்.

"அப்ப அந்த ஊசி அடைப்பை எடுக்குமா?"

கரைக்கும். டிபிஏ என்பது நம் ரத்தக்குழாய்ச் சுவரே சுரக்கிற ஒரு புரதம். அதை மருந்தாகச் செய்து, 624 பேரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு 1995இல் வெளிவந்தது. அடைப்பு ஏற்பட்ட 3 மணி நேரத்துக்குள் ஊசி போட்டுக்கொண்டவர்களில், மூன்று மாதம் கழித்து ஊனம் இல்லாமலோ மிகக் குறைந்த ஊனத்தோடோ இருந்தவர்கள் அதிகம். ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. மூளைக்குள் ரத்தம் கசிந்து நிலைமை மோசமானது ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம், போடாதவர்களில் 0.6 சதவீதம். பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. நேரம் போகப்போக மீட்பதற்கு வாடிய பயிர் குறைகிறது. அதே நேரத்தில் ரத்தமில்லாமல் நைந்த குழாய்ச் சுவர் கசிகிற அபாயம் ஏறுகிறது. 2008இல் ஓர் ஐரோப்பிய ஆய்வு எல்லையை 4.5 மணி நேரமாக நீட்டியது. மணி ஓடத் தொடங்குவது நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. மைத்துனருக்கு இரவு பத்து மணி.

அடைப்பு பெரிய குழாயில் என்றால் ஊசி மட்டும் பல நேரம் போதாது. தொடை வழியாகவோ கை வழியாகவோ மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டியைப் பிடித்து வெளியே இழுத்துவிடலாமே என்ற யோசனை வந்தது. 2013இல் அப்படிப்பட்ட மூன்று பெரிய ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. மூன்றிலும் பலன் இல்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். யோசனையைத் தூக்கிப் போடாமல், எங்கே தவறினோம் என்று தேடினார்கள். பெரிய குழாயில் கட்டி இருக்கிறதா என்று படத்தில் உறுதி செய்யாமலே பலரைச் சேர்த்திருந்தார்கள். கருவிகளும் பெரும்பாலும் பழைய வகை. தாமதமும் அதிகம். நெதர்லாந்தில் 16 மருத்துவமனைகளில் 500 பேரை வைத்து நடந்த ஆய்வில், கட்டியைப் படத்தில் பார்த்த பிறகே சேர்த்தார்கள். கம்பி வலை போன்ற புதிய கருவியைப் பயன்படுத்தினார்கள். வழக்கமான சிகிச்சையில் 19.1 சதவீதம் பேர் பிறர் உதவியின்றி வாழும் நிலைக்கு வந்தபோது, கட்டியை எடுத்தவர்களில் 32.6 சதவீதம் பேர் வந்தார்கள். 2015இல் அது அச்சான பிறகு சிகிச்சையே மாறிவிட்டது. புறநிழல் இன்னும் மிஞ்சியிருக்கிறது என்று ஸ்கேன் காட்டினால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட இதைச் செய்யலாம் என்று 2018இல் தெரிந்தது. பக்கத்து வயல் ஈரம் எல்லாருக்கும் ஒரே அளவில் கசிவதில்லை.

செல்லைச் சாகாமல் காக்கும் மருந்துகள் மட்டும் இன்னும் கைகூடவில்லை. விலங்குகளைக் காப்பாற்றியவை மனிதர்களிடம் வரிசையாகத் தோற்றன.

"கட்டி எங்கேர்ந்து வருது?"

அது ஆளுக்கு ஆள் மாறும். கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பு உடைந்து போகலாம். இதயத்துடிப்பு தாறுமாறானால், இடது மேலறையின் மூலையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மேலே போகலாம். பல வருட ரத்த அழுத்தம் மூளையின் நுண்குழாய்களைத் தடிக்க வைத்து அடைக்கலாம். எது காரணம் என்று கண்டுபிடிப்பது முக்கியம். இதயத்திலிருந்து வந்தது என்றால் ஆஸ்பிரின் போதாது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு மாத்திரை வேண்டும். எவ்வளவு தேடியும் பலருக்குக் காரணம் பிடிபடுவதில்லை. ஆனால் எல்லாக் காரணங்களிலும் முதலில் நிற்பது ரத்த அழுத்தம்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ராத்திரியே கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்றார். டீ ஆறிப்போயிருந்தது.

வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க வராமல் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, முதலில் மணியைப் பாருங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள், புரையேறும். ஆஸ்பிரினும் வேண்டாம். அடைப்பா, ரத்தக்கசிவா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது, ஸ்கேன்தான் சொல்லும். 108ஐ அழையுங்கள். அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நடுராத்திரியிலும் சி.டி. ஸ்கேன் எடுத்து இந்த ஊசி போடுகிற மருத்துவமனை உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.