கோலகங்சார்: ஆறு வளர்த்த ஊர்



‘எங்கள் ஊர்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், கோயில், சந்தை, திடல், பள்ளி என்று பட்டியல் போட்டுவிடுகிறோம். ‘ஊர் ஏன் இங்கே வந்தது?’ என்று கேட்பதில்லை. பேராக்கின் அரச நகரமான கோலகங்சாரை வைத்து அதைக் கேட்டுப் பார்ப்போம்.

பெயரிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மலாயில் ‘கோல’ என்றால் ஆறு சென்று சேருமிடம். கங்சார் ஆறு பேராக் ஆற்றில் கலக்கும் இடத்தில்தான் இவ்வூர் இருக்கிறது. ரோடு இல்லாத காலத்தில் ஆறுதானே ரோடு! ஆட்சியும் வணிகமும் ஆற்றங்கரையில் கூடின.

1877இல் இங்கு ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று இன்றும் நகரில் பாதுகாக்கப்படுகிறது. பின்னாளில் மலாயா முழுவதும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் பலர் பால் மரம் சீவ வந்தது அதனால்தான். ஆக, இவ்வூர்க் கதையில் நமக்கும் பங்குண்டு.

அக்கரையில் சாயோங். அங்கே களிமண்ணில் சுரைக்காய் வடிவில் செய்யும் குடம்தான் ‘லாபு சாயோங்’. சூளையில் சுட்ட சூட்டோடு உமியில் போடுவதால் கறுப்பு நிறம் வருகிறது. மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகும். அப்போது வெப்பமும் போய்விடும். அதனால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். ஆனால் வீட்டுக்கு வீடு ஐஸ்பெட்டி வந்ததும், குடம் அலமாரி அலங்காரமாகிவிட்டது. அக்கரைக்குப் பாலம் வந்ததும் படகுக்குக் காத்திருப்போரும் குறைந்தார்கள். வசதி கூடக் கூட, ஆற்றோடு இருந்த பழக்கம் குறைகிறது.

ஆறு கொடுக்க மட்டும் செய்யவில்லை. 1926ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் பேராக் ஆற்றங்கரை ஊர்களைப் புரட்டிப்போட்டது. ஆற்றை மறந்தாலும் ஆறு நம்மை மறக்காது. குப்பை அள்ளுவது நகராண்மைக் கழகத்தின் வேலைதான். ஆனால் நாம் சாக்கடையில் வீசும் பிளாஸ்டிக் பை அடுத்த மழையில் ஆற்றுக்குத்தான் போகும். ‘அரசாங்கம் நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதி முடித்தால் போதுமா?

மாணவர்களே, உங்கள் ஊரைப் பற்றி எழுதும்போது ஒவ்வொரு பத்தியிலும் மூன்று கேள்வி கேளுங்கள்: ஏன் வந்தது? எப்படி மாறியது? இப்போது யார் பொறுப்பு? பதில் தெரியவில்லையா? வீட்டிலுள்ள தாத்தா பாட்டியைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் ஒரு செய்தி போதும், கட்டுரை உங்களுடையதாகிவிடும்.