மோட்டார் இல்லாத ராஜ நீரூற்று

மடுல்சீமையில் இருந்து பசறை, பதுளை, மகியங்கனை என்று மலையிறங்கி சிகிரியாவுக்குப் போகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அண்ணாந்து பார்ப்பது பாறையைத்தான். ஏறத்தாழ 200 மீட்டர் உயரம், கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் அதன் உச்சியில் அரண்மனை கட்டினான். ஆனால் பிள்ளைகளே, ஓடிப்போய்ப் படியேறாதீர்கள். முதலில் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.

மேற்கு வாசலில் இருந்து பாறைக்குப் போகும் பாதையில் நீர்ப் பூங்கா இருக்கிறது. அங்கே ஆழமில்லாமல் வளைந்து நெளியும் வாய்க்கால்கள். பக்கத்தில் வட்டமான சுண்ணாம்புக் கற்பலகைகள், அவற்றில் சீராகத் துளைத்த சின்ன ஓட்டைகள். ராஜாவின் நீரூற்று அதுதான். 1,500 வருஷம் கழித்தும் நல்ல மழைக்காலத்தில் அந்த ஓட்டைகளில் தண்ணீர் குமிழியிட்டு எழும்புகிறது. கரண்டும் இல்லை, மோட்டாரும் இல்லை. தள்ளுவது யார்?

மடுல்சீமைப் பிள்ளைகளுக்கு இது தெரிந்த சங்கதி. மலையில் ஊற்று, அங்கிருந்து குழாய், கீழே லயத்துப் பீலி. மேலே நிற்கும் தண்ணீரின் பாரம் கீழே இருப்பதை அமுக்குகிறது. குழாயின் பருமன் அல்ல, உயரம்தான் கணக்கு. 10 மீட்டர் உயரத் தண்ணீர், நம்மைச் சுற்றியுள்ள காற்று அமுக்கும் அளவுக்கு அமுக்கம் தரும். குழாய் வாயைப் பெருவிரலால் பாதி மூடுங்கள். வழி குறுகியதும் சீறியடிக்கும். சிகிரியாவிலும் மேட்டுத் தண்ணீர் நிலத்தடிக் கால்வாய் வழியே வந்து சிறிய ஓட்டையில் முட்டுகிறது. வந்த உயரத்துக்கே திரும்பத் தாவுமா? தாவாது. வழியில் உராய்ந்தே கொஞ்சம் பலம் போய்விடும்.

பிரான்ஸ் ராஜா பதினான்காம் லூயியின் நீரூற்றுகளுக்கு இந்த மேட்டுத் தண்ணீர் வசதி இல்லை. ஆறு பள்ளத்தில், வெர்சாய் அரண்மனை மேட்டில். அதனால் 1680களில் சென் ஆற்றில் 14 பெரிய சில்லுகள் பூட்டிய இயந்திரம் செய்வித்துத் தண்ணீரை மேலேற்றினார். எனக்கென்னவோ காசியப்பனின் ஆட்களே கெட்டிக்காரர்கள்!

பாறையில் ஏறும்போது மட்டும் சத்தம் போடாதீர்கள். அங்கேயும் குளவிக் கூடு உண்டு. கொழுந்து மலையில் குளவி கலைந்தால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓகஸ்ட் லீவில் போனால் அந்த நீரூற்று ஓட்டைகள் காய்ந்து கிடக்கும். மடுல்சீமையை நனைக்கும் வடகீழ்ப் பருவமழைதான் அங்கேயும் பெய்கிறது. ஆகவே பாடசாலைச் சுற்றுலாவை அந்த மழைக்குப் பிறகு வைக்கச் சொல்லி டீச்சரிடம் கேளுங்கள்.