உங்களுக்குத் தெரியுமா? பிசி கார்டு மேக் கார்டாகும் வித்தை!

வேடசந்தூர் ஆத்துமேட்டில் செல்போன் கடைக்காரரிடம் உயிரில்லாத போனை நீட்டினால், "பிளாஷ் போட்டுப் பாப்போம்ணே" என்பார். பழைய ஆப்பிள் மேக் கணினிப் பிரியர்களின் கைவைத்தியமும் அதுவேதான்.

■ பிசிக்கான கிராபிக்ஸ் கார்டு, ஆப்பிளின் பவர் மேக் ஜி4 ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும். ஆனால் திரை இருட்டாகவே இருக்கும். கார்டில் பழுதில்லை; பேசும் மொழிதான் வேறு.

■ கார்டின் மூலையில் ஒரு குட்டி சிப். பல கார்டுகளில் அதற்கு எட்டே கால்கள். பிசி கார்டில் அதற்குள் இருப்பது இன்டெல் வகை பிராசசருக்கான பயாஸ் என்னும் தொடக்க நிரல். பவர்பிசி பிராசசர் கொண்ட மேக்கைத் தொடங்கிவைக்கும் ஓப்பன் ஃபர்ம்வேர் தேடுவதோ, ஃபோர்த் மொழிவழி வந்த எஃப்கோடு. சிப்பை அழித்து எஃப்கோடை எழுதினால், அதாவது 'பிளாஷ்' போட்டால், கார்டு 'மேக்' ஆகிவிடும்.

■ சில பிசி கார்டுகளின் சிப் 64 கிலோபைட்தான். அதில் எழுத வேண்டிய மேக் ஃபர்ம்வேர் கோப்போ 128 கேட்கும். சிப்பைப் பெயர்த்துப் பெரியதைச் சால்டரிங் செய்ய வேண்டும்; இல்லையேல் கோப்பைச் சுருக்க வேண்டும்.

■ ஏஜிபி ஸ்லாட்டுக்கான 8எக்ஸ் வேகக் கார்டு என்றால், 3, 11-ஆம் பின்கள் ஜி4-உடன் ஒத்துப்போகாது. அந்த இரண்டு மெல்லிய பட்டைகளின் மேலும் டேப் ஒட்டி மறைப்பார்கள்!

■ தயாரிப்பாளரே உதவியதும் உண்டு: 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம், பிசிக்கான வூடூ3 கார்டுகளை மேக்கில் ஓட்ட சோதனை ஃபர்ம்வேர் வெளியிட்டது.

■ 2006-இல் இன்டெல் மேக்குகள் வந்தன. ஓப்பன் ஃபர்ம்வேர் விடைபெற்று, இஎஃப்ஐ என்னும் வேறொரு ஃபர்ம்வேர் அந்த இடத்தைப் பிடித்தது.